ஐந்து கட்டைக் குழலுக்கு எந்தச் சுருதிப்பெட்டி? நாலு மாற்றிப் பார்த்தவன் எழுதுகிறேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். நீங்கள் புல்லாங்குழல் வாசிப்பவர் என்றால், சுருதியை மயிரிழை அளவுக்கு ஏற்றி இறக்கத் தனித் திருகு இல்லாத சுருதிப்பெட்டியை (வாசிக்கும்போது பின்னணியில் ஆதார சுரத்தை விடாமல் ஒலிக்கிற பெட்டி) வாங்காதீர்கள். சத்தம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் சரி, கடைக்காரர் எவ்வளவு தள்ளிக் கொடுத்தாலும் சரி. கட்டையை (சுருதியின் உயரத்தைச் சொல்கிற அளவு, எண் ஏற ஏறச் சுருதி ஏறும்) மட்டும் மாற்றுகிற பொத்தான் பாடுகிறவர்களுக்குப் போதும். நமக்குப் போதாது. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற இருபது வருஷமும் நாலு சுருதிப்பெட்டியும் ஆனது.

நான் வித்வான் இல்லை. திருச்சி பாலக்கரைப் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்க செம்புக் கம்பி, வார்னிஷ் வாடை, எரிந்துபோன போர்வெல் மோட்டார். ராத்திரி எட்டரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு (வார்னிஷ் பிசுக்கு விரலில் இருந்தால் துளை மேல் விரல் வழுக்காது, சுரத்தை அசைக்கிற கமகம் சுத்தமாகப் போய்விடும்) ஒரு மணி நேரம் ஊதுவேன். கற்றுக்கொள்ள ஆரம்பித்ததே இருபத்தேழு வயதில். குழலில் ஆசை வந்ததற்கு அப்பாவின் ரேடியோதான் காரணம். திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது, எங்கள் வீட்டு ரேடியோ அதைத் தவிர வேறு நிலையம் எதையும் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. அதில்தான் புல்லாங்குழல் மேதை மாலியைக் கேட்டேன். அவர் 1986இல் போய்விட்டார், நேரில் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. மாலி ஊதினால் ஊதுகிற மாதிரியே இருக்காது, யாரோ வாயைத் திறக்காமல் பாடுகிற மாதிரி இருக்கும். அப்புறம் அவருடைய சிஷ்யர் ரமணியின் கேசட் ஒன்று வீட்டில் இருந்தது, நாடா தேய்ந்து தேய்ந்து சுருதி ஆடும், அதிலும் அந்த நீளக் குழலின் மந்தர ஸ்தாயி, அதாவது கீழ்ச் சுரங்கள், கேட்டால் சோறு இறங்காது. இந்த இரண்டு பேரையும் கேட்டு வளர்ந்ததில் ஒரு கெட்டதும் உண்டு. நம் வாசிப்பு நமக்கே பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மூன்று பேர் சேர்கிறோம். வயலினுக்கு ஒரு சார், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மிருதங்கத்துக்கு ஒரு தம்பி, பாலிடெக்னிக்கில் படிக்கிறான். சார் கையில் இருப்பது முப்பது வருஷப் பழைய வயலின், வில் மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது, தந்தி விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர், அறுந்தால்தான் மாற்றுவார். தம்பியிடம் இருப்பது ஹெச்சு சுருதி (உயர்ந்த சுருதி) மிருதங்கம், என் ஐந்து கட்டைக்காகவே அதை வாங்கினான் பாவம். அவன் தாத்தாவின் தக்கு சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கம் வீட்டில் சும்மா இருக்கிறது. நான் வைத்திருப்பது மூன்று குழல். ஐந்து கட்டை ஒன்று, ஐந்தரை ஒன்று, ரமணி ஆசையில் வாங்கி விரல் எட்டாமல் பரணில் போட்ட பெருங்குழல் ஒன்று. ஐந்து கட்டைக் குழலுக்கு மார்கழியில் ஒரு விரிசல் விட்டது, நூல் சுற்றி ஒட்டியிருக்கிறேன், நல்லெண்ணெய் விடுகிறேன், பிழைத்துக்கொண்டது.

சரி, சுருதிப்பெட்டிக்கு வருவோம்.

முதலாவது 2004இல் வாங்கிய துருத்திப் பெட்டி, பழசு, ஆயிரத்து இருநூறு ரூபாய். ஆர்மோனியத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும், முன்பக்கம் மூடிகள், திறந்தால் ஷட்ஜம் (ச), பஞ்சமம் (ப), மேல் ஷட்ஜம், கையால் துருத்தியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சத்தத்தைப் பொறுத்தவரை இன்றைக்கும் எனக்கு இதுதான் பிடிக்கும். பித்தளை நாக்கு அதிர்கிற அந்தக் கரகரப்பில் ஒரு உயிர் இருக்கிறது, காற்றில் வருகிற வாத்தியத்துக்குக் காற்றில் வருகிற சுருதி ஒட்டிக்கொள்கிறது. நாகஸ்வரக்காரர்கள் அந்தக் காலத்தில் ஒத்து என்று இன்னொரு நீளக் குழாயை ஒருவர் மூச்சு விடாமல் ஊதச் சொல்லி வைத்திருந்தது சும்மா இல்லை.

ஆனால் குழல் வாசிக்க இரண்டு கையும் வேண்டும். துருத்திக்கு யார்? என் பெரிய பெண் அப்போது மூன்றாம் வகுப்பு, ஒரு பாட்டுக்கு ஐந்து ரூபாய் என்று பேசி வைத்திருந்தேன். ஆலாபனை நீண்டால் ரேட் ஏற்றச் சொன்னாள். காலால் அழுத்துகிற மாதிரி ஒரு பலகையும் கயிறும் வைத்துச் செய்து பார்த்தேன், தாளம் போடுகிற கால் எது, துருத்தி மிதிக்கிற கால் எது என்று குழம்பி இரண்டும் ஒன்றாகிவிட்டது, ஆதி தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் சுருதி ஏறி ஏறி இறங்கியது.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அந்தப் பெட்டியின் ஐந்து கட்டையும் என் குழலின் ஐந்து கட்டையும் ஒன்றில்லை. ரொம்பக் கொஞ்சம்தான் வித்தியாசம். பித்தளை நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும், இது தெரிந்து ஒரு ராத்திரி உட்கார்ந்து பிளேடால் சுரண்டி என் குழலுக்குச் சரியாகக் கொண்டுவந்தேன். ஆகா என்று இருந்தது, ஜனவரியில். ஏப்ரலில் மறுபடி சேரவில்லை. பெட்டிதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன்.

பெட்டி மேல் தப்பே இல்லை. வெயிலில் காற்றுக்குள் ஒலி வேகமாக ஓடும், அதனால் குழல் தானாகவே ஏறும். கணக்குப்படி ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் மூன்று சென்ட், அரைக் கட்டை என்பது நூறு சென்ட். மார்கழிக் காலையில் இருபத்திரண்டு டிகிரி, சித்திரைச் சாயந்திரம் மொட்டைமாடியில் முப்பத்தெட்டு. நம் மூச்சின் சூடு எப்போதும் உள்ளே இருப்பதால் கணக்கில் வருகிற அளவுக்கு முழுசாக ஏறாது, ஆனாலும் காது கூசுகிற அளவுக்கு நிச்சயம் ஏறும். பித்தளை நாக்கோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாடுகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது, தொண்டை பெட்டியிடம் போய்விடும். வயலினுக்கு பிருடை இருக்கிறது, திருகிக்கொள்ளலாம். மூங்கிலுக்கு என்ன இருக்கிறது? உதட்டை உள்பக்கம் உருட்டினால் கொஞ்சம் இறங்கும், கூடவே நாதமும் சளி பிடித்த மாதிரி ஆகிவிடும்.

இதெல்லாம் 2004இல் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டாவது பெட்டியை வாங்கியிருக்க மாட்டேன்.

அது 2011. எலக்ட்ரானிக் பெட்டி, இரண்டாயிரத்து எண்ணூறு. இந்த மாதிரிப் பெட்டிகளுக்கெல்லாம் ஒரு மூலக்கதை உண்டு: பெங்களூரில் ராஜ் நாராயண் என்கிற பொறியாளர், அவரே குழல் வாசிக்கிறவர், 1979இல் எலக்ட்ரானிக் தம்புராவைச் செய்தார், ராடெல் என்கிற கம்பெனி அப்படி வந்ததுதான். ஒரு குழல்காரர் செய்தது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. தம்புரா பிடிக்க ஆள் தேடுகிற வேலையே அதோடு தமிழ்நாட்டு வீடுகளில் பாதி ஒழிந்தது. நான் வாங்கியது அவர்களுடையது இல்லை, வேறு ஒன்று, பெயர் வேண்டாம். அந்த மாடல் இப்போது கடையிலும் இல்லை.

வாங்கப் போனபோது கூடப் பாட்டுப் பாடுகிற நண்பர் ஒருவர் வந்தார். அவர் ஒரு கட்டையில் வைத்து ச-ப-ச என்று பாடிப் பார்த்தார், பிரமாதம் என்றார், நானும் பணத்தைக் கொடுத்துவிட்டேன். குழலைக் கையில் எடுத்துப் போகவில்லை, கடையில் ஊத வெட்கம். வீட்டுக்கு வந்து ஐந்து கட்டையில் வைத்தால் சுருதிக்கு அடியில் ஏதோ ஒன்று மூச்சு வாங்குகிறது. வவ்... வவ்... வவ்... விநாடிக்கு இரண்டு தடவை. சுருதி சேராத இரண்டு தந்தி ஒன்றாக அடித்தால் வருமே, அந்த அலை. ஒரு கட்டைக்கு மாற்றினால் இல்லை. நாலு கட்டையில் இல்லை. ஐந்தில் மட்டும் அப்படி, ஐந்தரையில் வேகமாகப் படபடக்கிறது.

நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஐந்தாவது நாள் கடையில் ஒரு ஃபேன் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அடாப்டருக்குள் அதை நேர் மின்சாரமாக மாற்றும்போது மிச்சம் நிற்கிற உறுமல் 100. ஐந்து கட்டையின் மந்தர ஷட்ஜம் விநாடிக்கு 98 அதிர்வு. நூறுக்கும் தொண்ணூற்றெட்டுக்கும் வித்தியாசம் இரண்டு. அந்த இரண்டுதான் வவ்... வவ்... நண்பர் வைத்துப் பார்த்த ஒரு கட்டையின் ஷட்ஜம் நூறுக்குப் பக்கத்திலேயே வராது, அவர் காதில் எப்படி விழும்?

அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பேட்டரி போட்டேன், நின்றது. அடாப்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்த கப்பாசிட்டர் கடுகு மாதிரி ஒன்று, விலையை இறக்க அங்கேதான் கை வைத்திருக்கிறார்கள். என்னிடம் கிடந்த 2200 மைக்ரோ ஃபாரட் ஒன்றை வைத்துப் பற்றவைத்தேன், செலவு பதினைந்து ரூபாய் இருக்கும், உறுமல் அடங்கியது. காயில் கட்டுகிறவன் குழல் வாசிப்பதால் கிடைத்த ஒரே லாபம் இது. ஆகவே ஐந்து கட்டைக்காரர்களே, கடையில் பெட்டியைப் பார்க்கும்போது ஒருமுறை அடாப்டரிலும் ஒருமுறை பேட்டரியிலும் போட்டு, உங்கள் கட்டையில் வைத்துக் கேளுங்கள். இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் வாங்கலாம்.

உறுமலைச் சரி செய்தேனே தவிர, அந்தப் பெட்டியிலும் நுண்திருகு கிடையாது. அரைக்கட்டை அரைக்கட்டையாகத்தான் தாவும். அதன் பலனை ஒரு ராமநவமிக்கு அனுபவித்தேன்.

எங்கள் பக்கத்துத் தெருப் பிள்ளையார் கோயிலில் கூப்பிட்டார்கள், மூன்று பேரும் போனோம். தகரக் கொட்டகை, பகல் பூரா வெயில் வாங்கியது, சாயந்திரம் ஆறு மணிக்கும் தணல் மாதிரி இருக்கிறது. சாரும் தம்பியும் பெட்டியை வைத்துச் சுத்தமாகச் சுருதி சேர்த்துவிட்டார்கள். நான் குழலைப் பையிலிருந்து எடுத்து நேராக வர்ணம் ஆரம்பித்தேன். இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே தெரிந்துவிட்டது, சாரும் தம்பியும் பெட்டியும் ஒரு ஊரில் இருக்கிறார்கள், நான் மட்டும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். உதட்டை உருட்டினேன், நாதம் போனது. விட்டேன், சுருதி போனது. சார் என்னைப் பார்க்கிறார், நான் பிள்ளையாரைப் பார்க்கிறேன். அடுத்து எடுத்த கீர்த்தனையில் அனுபல்லவி வரும்போது ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து எல்லாம் அணைந்தது. மைக் இல்லை, விளக்கு இல்லை, சுருதிப்பெட்டியும் போய்விட்டது, அதில் பேட்டரி போட மறந்திருந்தேன்.

நிறுத்தவில்லை, பழக்கத்தில் வாசித்துக்கொண்டே போனோம். ஒரு நிமிஷத்தில் கச்சேரி கேட்கிற மாதிரி ஆகிவிட்டது! பெட்டி வாயை மூடியதும் சாரின் விரல் தானாக என் குழல் இருக்கும் இடத்துக்கு ஏறி வந்துவிட்டது, திறந்த தந்தியை அவர் தொடவே இல்லை. தம்பி அந்த இருட்டில் கல்லைத் தேடி எடுத்து வலந்தலை (மிருதங்கத்தின் வலது முகம்) விளிம்பில் டொக் டொக் என்று நாலு தட்டு, அவனும் ஏறி வந்தான். சரணம் முழுக்க இருட்டில், மூன்று பேரும் ஒரே சுருதியில். அதைவிடச் சுத்தமாக நாங்கள் இன்றுவரை வாசித்ததில்லை. விளக்கு வந்து பெட்டியும் விழித்துக்கொண்டு தன் பழைய சுருதியை ஊதியதும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "அதை நிறுத்துப்பா, நல்லா இருந்துச்சு" என்றார்.

அன்றைக்குத்தான் புரிந்தது. மூங்கில் பெட்டியிடம் போகாது, பெட்டிதான் மூங்கிலிடம் வர வேண்டும்.

மூன்றாவது, போன். 2016 வாக்கில் தம்பிதான் என் போனில் தம்புரா செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். (அப்போது அவன் பள்ளிக்கூடத்துப் பையன், அரைக்கால் டிரவுசர்.) இலவசம். ஒரு சென்ட், இரண்டு சென்ட் என்று நகர்த்தலாம். பஞ்சமம் வேண்டாம், மத்தியமம் வேண்டும் என்றால் ஒரு தட்டில் மாறும், பஞ்சமமே இல்லாத (பஞ்சம வர்ஜ) ராகம் எடுத்தால் அது பெரிய வசதி. எல்லாம் இருந்தும் அதோடு எனக்கு ஒட்டவில்லை. போன் ஸ்பீக்கர் பட்டாணி அளவு, அதனால் 98 அதிர்வெல்லாம் சொல்லவே முடியாது. மந்தரத் தந்தியின் மேல் சுரங்கள் மட்டும்தான் வெளியே வரும், அடி ஷட்ஜத்தை நம் காது தானாகக் கற்பனை செய்துகொள்கிறது. தனியாக உட்கார்ந்து சாதகம் செய்ய அது போதும், குழலை ஊத ஆரம்பித்தால் அந்தக் கொசு ரீங்காரம் மூழ்கிவிடும். புளூடூத் ஸ்பீக்கரில் இணைத்தால் அடி வருகிறது, உண்மையிலேயே நன்றாக வருகிறது, ஆனால் நான் வைத்திருந்த ஸ்பீக்கர் தம்புரா மெல்லிசாகக் கேட்டால் யாரும் இல்லை என்று நினைத்துத் தூங்கிவிடும். யூடியூப்பில் பத்து மணி நேரத் தம்புரா கிடைக்கிறதே என்பார்கள். கேட்டுப் பாருங்கள், சிலதில் ஒட்டுப் போட்ட இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் விக்கும், ஒருமுறை அது காதில் விழுந்துவிட்டால் அப்புறம் ராகம் கேட்காது, விக்கல்தான் கேட்கும். விளம்பரம் வேறு. தோடி ஆலாபனையில் காந்தாரத்தை அசைத்து நிற்கிறேன், வீட்டுக்கடன் வேண்டுமா என்று ஒரு பெண்மணி கேட்கிறார்.

தவிர, போன் என்பது என் பிழைப்பு. "அண்ணே மோட்டார் ரெடியா, வயல்ல தண்ணி நிக்குது" என்று கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க முடியுமா?

இருந்தாலும் காசில்லாத மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். போனை விமான நிலையில் (ஃபிளைட் மோட்) போட்டு, கம்பி வைத்த ஸ்பீக்கர் ஒன்றில் மாட்டினால் முக்கால்வாசிச் சிக்கல் தீரும். புதுப் பெட்டிக்குச் சேர்க்கிற காசில் இன்னொரு குழல் வாங்கலாம்.

நாலாவது இப்போது இருப்பது. 2022இல் ஆறாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன், டிஜிட்டல். நிஜத் தம்புராவைப் பதிந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் ஒரு பெரிய திருகு கட்டைக்கு, ஒரு சின்னத் திருகு நுண்சுருதிக்கு, மீட்டுகிற வேகத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று. பஞ்சமம், மத்தியமம், நிஷாதம் மாற்ற ஒரு பொத்தான். சூட்டில் நகர்வதில்லை, ஒருமுறை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கிறது. மொட்டைமாடியில் மூன்று பேருக்குச் சத்தம் தாராளம். மண்டபத்துக்குப் போதாது, பின்பக்கத் துளையிலிருந்து கம்பி எடுத்து மைக்செட்காரரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போதே "பின்னாடி இருக்கிறது தெரியக் கூடாது தம்பி" என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தம்புராவுக்குத் தனிக் கச்சேரி வைத்துவிடுவார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. சின்னத் திருகு ரொம்ப லேசு, சட்டைக் கை உரசினால் நகர்ந்துவிடுகிறது. பேட்டரி மூடியின் கொக்கி ஆறே மாதத்தில் உடைந்தது, ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். வெயிலில் அந்த விளக்கு எழுத்துகள் சுத்தமாகத் தெரியாது, கையால் மறைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். தம்புரா நாதம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு தடவை நிஜத்தைக் கேட்கும்வரை.

நான் கேட்டுவிட்டேன், அதுதான் கஷ்டம். போன வருஷம் சாரோடு தஞ்சாவூர் போயிருந்தபோது அவருக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பலாமரத்தில் கடைந்த தம்புரா ஒன்று சுவரோடு சாய்ந்து நின்றது. அந்த வீட்டு அம்மா எடுத்துச் சுருதி சேர்த்தார். முதலில் பிருடை, அப்புறம் கீழே தந்தியில் கோத்திருக்கிற மணியை நகர்த்தி நகர்த்தி நுணுக்கமாக. நாலு தந்தியும் சேர்ந்த பிறகும் சத்தம் மொட்டையாகத்தான் இருந்தது. பிறகு குதிரை (தந்திகளைத் தாங்குகிற பலகை) மேல் தந்திக்கு அடியில் ஓடுகிற நூலை, ஜீவா என்பார்கள், சாதாரணத் தையல் நூல்தான், விரல் நுனியால் ஒரு அரிசி அகலம் தள்ளினார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். சட்டென்று அந்தத் தந்தி மட்டும் மலர்ந்து ரீங்கரிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தந்திக்கும் அப்படியே. நாலாவது மந்தரத் தந்தியை மீட்டியதும் அதற்குள்ளிருந்து காந்தாரம் தானாகக் கிளம்பி வந்து காதுக்குப் பக்கத்தில் நின்றது, யாரும் அதை வாசிக்கவில்லை. நானும் சாரும் ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் சார், "என்னப்பா, உன் பெட்டியை வித்துடலாமா" என்றார்.

விற்கவில்லை. தம்புராவுக்கு என்னிடம் காசும் இல்லை, மீட்ட ஆளும் இல்லை, ஷட்டருக்குப் பின்னால் காயில் சட்டங்களுக்கு நடுவில் அதை வைக்க இடமும் இல்லை. பெரிய பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், இப்போது கூப்பிட்டால் ஐந்து ரூபாய்க்கு வருவாளா?

பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில விஷயம் சொல்கிறேன். பெயர் சொல்லி இதை வாங்கு, அதை வாங்கு என்று சொல்லாததற்குக் காரணம், மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, நான் சொல்வது அடுத்த வருஷம் கடையில் இருக்காது. குழலோடு போங்கள். வெட்கப்படாதீர்கள், கடைக்காரர்கள் இதைவிட மோசமானதெல்லாம் கேட்டிருக்கிறார்கள். போனவுடன் ஊதிப் பார்க்காமல், பத்து நிமிஷம் ஊதிக் குழல் சூடான பிறகு பெட்டியைப் போடச் சொல்லுங்கள். முதல் இரண்டு துளையை மூடி ஷட்ஜத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை நுண்திருகைத் திருப்பச் சொல்லுங்கள். அலை வேகமாக அடித்து, மெதுவாகி, நின்று, மறுபடி அந்தப் பக்கம் அடிக்க ஆரம்பிக்க வேண்டும். நிற்கிற இடம் திருகின் ஓரத்தில் போய் முட்டுகிறது என்றால் அந்தப் பெட்டி உங்கள் குழலுக்கு ஆகாது, வெயில் காலத்தில் ஏற்றுவதற்கு மிச்சம் இருக்காது. நடுவில் நிற்க வேண்டும். அடாப்டர், பேட்டரி விஷயம் மேலே சொல்லிவிட்டேன். சத்தத்தை முழுசாக வைத்து உடம்பு அதிர்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள், பிளாஸ்டிக் கூடு சில சுரத்துக்குக் கூடவே பேசும்.

பாடுகிறவர்கள் இந்தப் பாடெல்லாம் பட வேண்டியதில்லை, நாதம் பிடித்த எதையாவது வாங்கிக்கொள்ளலாம். வயலின்காரர்களும் அப்படியே. வீணைக்காரர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

தம்பி போன மாதம் கேட்டான், "அண்ணே, உங்க பழைய துருத்திப் பெட்டி சும்மாதானே இருக்கு, நான் எடுத்துக்கவா?" எடுத்துக்கொண்டு போய்விட்டான். மிருதங்கம் வாசிக்கிறவனுக்கும் துருத்தி அழுத்தக் கை இல்லையே என்று கேட்டால், அவன் தங்கை இருக்கிறாளாம், பாட்டுக்குப் பத்து ரூபாய் கேட்கிறாளாம்.

என் பெட்டியின் சின்னத் திருகைச் சுற்றி வீட்டுக்காரியின் நெயில் பாலிஷால் இரண்டு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். இடது பக்கம் மார்கழி, வலது பக்கம் சித்திரை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நெல் அகலம் இருக்கும். ஆடிக்குப் புள்ளி வைக்கலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக முயற்சி செய்கிறேன், காவிரிக் காற்று வந்தால் இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது.